மலைமேலிருந்து ஒரு கடுதாசி: மணலில் எழுதிய வெள்ளைக்காரர்



சென்ற கடுதாசியில் எங்கள் மலைப் பலாப்பழத்தின் பெருமையைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "பழம் எப்போது வந்து சேரும்?" என்று கேட்டுப் பலர் எழுதிவிட்டார்கள். தபாலில் பலாப்பழம் அனுப்பும் வித்தை எனக்குத் தெரியாது. ஆகையால் இந்த வாரம் ஒரு பிரயாணக் கதையை அனுப்பிவைக்கிறேன். இதிலும் சுளை உண்டு. கொஞ்சம் பிசினும் உண்டு. இரண்டையும் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏலகிரியிலிருந்து கீழே இறங்குவதற்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தமிழ்ப் பெரியவரின் பெயரைச் சூட்டிப் பலகை நாட்டியிருக்கிறார்கள். பாரதியார், பாரதிதாசன், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் ஏழு பேர். பாரி, காரி, ஓரி என்று தொடங்கும் வள்ளல்கள் ஏழு பேர். எங்கள் வண்டி மலை இறங்கும்போதெல்லாம் என் பிள்ளைகள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பலகைகளைப் படிப்பார்கள். என் தாயார் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "இது யாருடா? அடுத்தது யாருடா?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்பார். வாந்தி வராமல் இருப்பதற்காகப் பேச்சுக் கொடுக்கிறார் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

விஷயம் அதுவல்ல. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

இதில் இரகசியம் ஒன்றுமில்லை. எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்த விஷயத்தை நினைத்துப் பார்ப்பது என்பது வேறு அல்லவா? அதை நினைத்துப் பார்க்க நான் முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

* * *

கோடை விடுமுறை வந்தது. எட்டாம் வகுப்பு முடித்த என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில், 'அச்சுக் கலை வளர்ந்த கதை' என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லிவிட்டார்கள். செல்போனைத் தட்டினால் கட்டுரை வந்து விழுகிற காலம் இது. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற டீச்சரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "தமிழ் அச்சைப் பற்றி எழுதவேண்டுமானால் தரங்கம்பாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுது. சீகன்பால்கு ஐயர் இருந்த வீட்டையே மியூசியமாக ஆக்கியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் சபை கூடியது. என் சகதர்மிணிக்கு ஊட்டி. என் பையனுக்கு எதுவானாலும் சரி, சமுத்திரம் இருக்கவேண்டும். அம்மா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"வேதக்காரங்க மியூசியமா? நமக்கு அங்கே இன்னாடா வேலை?"

"வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டாயே, அன்றைக்கு இப்படிக் கேட்கவில்லையே, அம்மா?" என்றேன்.

"அது கண்ணுடா!" என்றார் அம்மா. இந்தப் பதிலுக்கு மேல் என்ன வாதம் செய்வது?

உண்மையில் எங்கள் பிரதேசத்துக்காரர்களுக்கு மிஷன் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமுந்தான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் வேலூரில் சின்னதாகத் தொடங்கிய வைத்தியம், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்று ஊர் உலகமெல்லாம் அறிந்த ஆஸ்பத்திரியாக நிற்கிறது. ஆம்பூரிலே தோல் ஷாப்புக்குப் பக்கத்திலேயே லூத்தரன் மிஷன் பள்ளிக்கூடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த லூத்தரன்காரர்கள் எங்கள் பக்கம் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். தரங்கம்பாடிக்கு அவர்கள் அதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

கடைசியில் சமுத்திரம்தான் ஜெயித்தது. அம்மாவுக்கு, "கடற்கரையில் பழைய சிவன் கோயில் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை போட்டேன். மறுநாள் விடிவதற்குள் அவரே முதல் ஆளாகத் தலை பின்னித் தயாராக இருந்தார்.

* * *

திருப்பத்தூர், செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம், சீர்காழி என்று ஒரு பகல் முழுவதும் பிரயாணம். கட்டுச் சாதம் திருவண்ணாமலை தாண்டுவதற்குள் காலி. அதற்குமேல் நடந்ததைப் பற்றிப் பேச வேண்டாம். என் பையனுக்கு வழி நெடுகப் பசி என்பது மட்டும் போதும்.

தரங்கம்பாடிக்கு இரவே போய்ச் சேர்ந்து, காலையில் ஊர் பார்க்கக் கிளம்பினோம். 1792-ல் கட்டிய கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தால் நேர் தெரு. தெரு முடிவில் கடல். இரண்டு பக்கமும் பழைய காரை வீடுகள். சத்தமே இல்லை. ஒரு காலத்தில் டென்மார்க் தேசத்துக் கொடி பறந்த ஊர் இது. தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் 1620-ல் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார். அவர்கள் கடலோரத்தில் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டிக்கொண்டு மிளகு வியாபாரம் செய்தார்கள். 1845-ல் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நம் ஊரை அவர்கள் விற்க, இவர்கள் வாங்க, நடுவில் நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

சீகன்பால்கு அருங்காட்சியகம் 2017-ல் திறக்கப்பட்டது. ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் பிராங்கே என்ற பாதிரியார் ஏற்படுத்திய தர்ம ஸ்தாபனம் ஒன்று உண்டு. சீகன்பால்குவை அந்தக் காலத்தில் ஆதரித்தவர்களும் அவர்கள்தான். இப்போது அவர் வீட்டைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக ஆக்குவதற்கு முன்நின்றவர்களும் அவர்கள்தான். ஓட்டுக் கூரை, தூண் வைத்த தாழ்வாரம், குளிர்ச்சியான அறைகள் என்று நம் ஊர்ப் பெரிய வீடு மாதிரியே இருக்கிறது. அம்மா உள்ளே நுழைந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கோயில் மாதிரி இருக்கும்னு நெனச்சேன். வீடுதான்" என்றார். முகத்தில் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

என் பெண் சுவரில் எழுதியிருப்பதை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். அவள் கட்டுரைக்காகப் படிக்கிறாள் என்று நான் நினைத்தேன். ஆயாவுக்காகத்தான் படித்தாள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

* * *

கதை இதுதான். பர்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மனிக்காரர். டென்மார்க் ராஜாவான நான்காம் பிரெடரிக் அனுப்பிவைக்க, புளூட்சோ என்ற இன்னொரு பாதிரியாருடன் 1706-ஆம் வருஷம் ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்து நான்கு. உடம்பிலே வலுவில்லை. கையிலே அதிகப் பணமில்லை. தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஊரிலிருந்த கம்பெனி அதிகாரிகளுக்கோ இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரம் செய்யும் இடத்தில் பாதிரிகளுக்கு என்ன வேலை என்று நினைத்தார்கள். என் தாயார் கேட்ட அதே கேள்விதான்!

அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுபது வயதுத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்து, "உம்முடைய பள்ளிக்கூடத்தை அப்படியே என் வீட்டுக்குக் கொண்டுவாரும்" என்று ஏற்பாடு செய்துகொண்டார். வாத்தியார் வந்தார், பிள்ளைகளும் வந்தார்கள். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் இவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார். வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஆகவே எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. பிறகு அழகப்பன் என்று ஒருவர் கிடைத்தார். அவருக்குப் போர்த்துகீஸ், டேனிஷ், ஜெர்மன் எல்லாம் பேசத் தெரியும். அவர் மூலமாக அர்த்தமும் வந்தது. எட்டு மாதத்தில் மனுஷர் தமிழில் எழுதப் படிக்கப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்.

அந்த அழகப்பனுக்குக் கிடைத்த பரிசு என்ன? அதிகாரிகள் அவரை ஊரைவிட்டே வெளியேற்றிவிட்டார்கள். சீகன்பால்குவையும் அவர்கள் சும்மா விடவில்லை. 1708-ஆம் வருஷக் கடைசியில் கவர்னர் ஹாசியஸ் அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்துவைத்தார். வெள்ளைக்காரரை வெள்ளைக்காரரே சிறையில் போட்ட கதை.

"ஏண்டி, இருபத்து நாலு வயசுக்காரரா கொழந்தைங்களோட ஒக்காந்து மணல்ல எழுதினாரு?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம் ஆயா."

"யாரும் சிரிக்கலியா?"

என் பெண் சுவரைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குச் சுவரில் பதில் இல்லை. "சிரிச்சிருப்பாங்க ஆயா. ஆனா அவர் எழுந்து போகலே" என்றாள்.

* * *

அடுத்தது அச்சு. நேயர்களே, இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ் முதன் முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில் அல்ல. 1578-லேயே கொல்லத்தில் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துகீஸ் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கப் புத்தகத்தை அச்சடித்துவிட்டார். பிறகு அந்த அச்சுத் தொழில் நின்றுபோயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு அப்பால் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்து நிலைக்க வைத்த ஊர்களில் முக்கியமானது தரங்கம்பாடி.

அந்த அச்சு இயந்திரம் வந்து சேர்ந்த கதையைக் கேட்டால் நம் தொடர்கதை ஆசிரியர்களே தோற்றுப்போவார்கள். லண்டனிலிருந்த ஒரு கிறிஸ்தவ சங்கத்தார் 1711-ல் இயந்திரத்தையும் அதை ஓட்டுவதற்கு ஓர் ஆளையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் மீண்டு வரும் வழியில் அச்சு ஓட்ட வந்த மனிதர் இறந்துபோனார். 1712-ல் இயந்திரம் மட்டும் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. ஓட்டுவதற்கு ஆள் இல்லை! விசாரித்துப் பார்த்ததில் கோட்டைச் சிப்பாய்களில் ஒருவருக்கு அந்தத் தொழில் தெரியும் என்று தெரிந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவர் அச்சுக் கோத்தார்.

1713-ல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். ஆனால் எழுத்துகள் ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருந்தன. அந்த அளவில் அடித்தால் காகிதம் மாளாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்க்க முனைந்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டன் சங்கத்தார் சாப்பாட்டுக்காகப் பாலாடைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அதை மூடி வந்த ஈயத் தகட்டை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று மிஷன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

"பார்த்தீர்களா! காலி டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள் என்று நான் தலைதலையாக அடித்துக்கொள்கிறேனே" என்றாள் என் சகதர்மிணி. எங்கள் வீட்டுச் சமையலறைப் பரணில் உள்ள காலி டப்பாக்களைக் கொண்டு ஒரு தினசரிப் பத்திரிகையே நடத்தலாம் என்பதை நான் அந்த இடத்தில் சொல்லவில்லை.

காகிதப் பஞ்சத்துக்கும் வழி தேடினார்கள். 1715-ல் பொறையாறு பக்கத்தில் ஒரு காகிதப் பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாரா வாரம் கடுதாசி எழுதிப் பிழைக்கிற அடியேன் அந்தத் திசையை நோக்கி ஒரு கும்பிடு போட்டேன். அதே 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. இந்திய பாஷை ஒன்றில் அது அச்சானது அதுவே முதல் தடவை.

இத்தனை புத்தகத்துக்கும் அட்டை போடத் தோல் வேண்டுமே என்று என் புத்தி போயிற்று. தோல் ஊர்க்காரன் புத்தி வேறு எங்கே போகும்? ஆவாரம் பட்டையில் பதனிட்ட நம் ஊர் ஆட்டுத் தோல் பிற்காலத்தில் சீமைக்குக் கப்பலேறிப் புத்தக அட்டையாயிற்று. இதை என் பையனிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்பா, சமுத்திரத்துக்கு எப்போ போறோம்?" என்றான் அவன்.

* * *

நான் எதிர்பாராத ஒன்று அதற்கப்புறம் வந்தது. சீகன்பால்கு நம்மவர்களுக்குச் சொல்ல வந்தவர்தான். ஆனால் சொல்வதோடு நிறுத்தாமல் நம்மவர்கள் என்ன படிக்கிறார்கள் என்றும் தேடினார். ஊர் ஊராக ஆள் அனுப்பி ஏட்டுச் சுவடிகளை வாங்கிச் சேர்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு 1708-லேயே குறிப்பு எழுதினார். அதே வருஷம் நீதிவெண்பா, உலகநீதி, ஔவையாரின் கொன்றைவேந்தன் மூன்றையும் ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்தார். எங்கள் மலை வளைவில் பலகையாக நிற்கும் ஔவைப் பாட்டி முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஜெர்மன் பேசியிருக்கிறாள்!

1713-ல் நம்முடைய தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். சிவன், விஷ்ணுவோடு நிற்கவில்லை. ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று கிராம தேவதைகளுக்கும் தனித் தனியாக இடம் கொடுத்து எழுதியிருக்கிறார். அவர் நம் தெய்வங்களை நம்பியவர் அல்ல. தவறு என்றுதான் எழுதினார். ஆனால் தவறு என்று சொல்வதற்கு முன்னால் நம்மவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினார். ஹாலேக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "உங்களை அனுப்பியது அதை ஒழிக்க, இங்கே கொண்டுவந்து பரப்புவதற்கு அல்ல" என்ற பாணியில் பதில் போட்டார்கள். கையெழுத்துப் பிரதி ஒரு மூலையில் கிடந்தது. கடைசியில் 1867-ல், அதுவும் சென்னையில்தான், அது அச்சேறியது. எழுதியவர் கண்ணை மூடி ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் ஆனபிறகு!

"எங்க மாரியாத்தாளைக் கூடவா எழுதினாரு?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். ஏதோ சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பது போலிருந்தது அந்தக் குரல்.

எல்லாம் உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கட்டி 1718-ல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம் அதே ஊரில் கம்பீரமாக நிற்கிறது. முகப்பில் டென்மார்க் ராஜாவின் முத்திரை. அடுத்த வருஷமே, 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, முப்பத்தாறு வயதில் இறந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். கடவுளுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று போதித்த அந்தச் சபையிலும் ஜாதிக்கு ஓர் இடம் என்று பிரித்து உட்கார வைத்த காலம் இருந்திருக்கிறது. கடல் கடந்து வந்தவர்களுக்கும் இந்த ஒரு சுவரைக் கடப்பது சுலபமாக இல்லை.

கடைசியாக என் பெண் படித்தது பள்ளிக்கூடங்களைப் பற்றி. "ஆயா, 1707-லேயே இங்கே பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிருக்காங்க."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

1957-ல் அம்மாவுக்கு வயது ஏழு. மலையிலிருந்து பஸ் கிடையாது. பையன்கள் பொன்னேரிக்கு நடந்து இறங்கிப் படித்துவிட்டு வந்தார்கள். பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? அம்மா மாடு மேய்த்தார். 1707-க்கும் 1957-க்கும் நடுவில் சரியாக இருநூற்றைம்பது வருஷம். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். இந்தக் கழித்தல் கணக்கு மட்டும் எனக்கு இதற்கு முன் தோன்றியதில்லை.

* * *

சாயங்காலம் கடற்கரை. மாசிலாமணிநாதர் கோயிலை 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியதாகச் சொல்கிறார்கள். கடல் வந்து வந்து அதன் பெரும் பாகத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியும் இந்தக் கரைக்கு வந்து போயிருக்கிறது. அம்மா சுவாமி கும்பிட்டுவிட்டு வந்து மணலில் உட்கார்ந்தார். என் பையன் ஈர மணலில் தன் பெயரை எழுதுவதும், அலை வந்து அழிப்பதும், அவன் மறுபடி எழுதுவதுமாக இருந்தான்.

வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பேத்தியின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

"ஏண்டி, என் பேரு எப்படி இருக்கும்?"

என் பெண்ணுக்குப் புரியவில்லை. "எப்படின்னா?"

"எழுதினா எப்படி இருக்கும்?"

நேயர்களே, எனக்குப் புரிந்துவிட்டது. எழுபத்தைந்து வருஷமாகத் தன் பெயரைக் காதால் கேட்ட என் தாயார் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ரேஷன் கார்டில் இருக்கிறது. ஓட்டுச் சீட்டில் இருக்கிறது. பாங்கு புத்தகத்தில் இருக்கிறது. எது தன் பெயர் என்று யாரும் விரல் வைத்துக் காட்டியதில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பாங்கியில், "கைநாட்டா? அப்படி ஓரமாக நில்லம்மா" என்று சொன்னார்களாம். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். நானும் ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்!

இந்தப் பத்திரிகையின் தொடர்கதைகளை என் சகதர்மிணி வாரா வாரம் உரக்கப் படிப்பாள், அம்மா கேட்பார். என் கடுதாசியையும் அப்படியேதான். ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதுகிற பிள்ளை, பெற்ற தாய்க்கு ஓர் எழுத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை. நேரமில்லை என்று சொல்ல முடியாது. தோன்றவில்லை என்பதுதான் வாஸ்தவம். இந்த வயதில் எதற்கு என்று அவருக்காக நானே தீர்மானித்துவிட்டேன் போலிருக்கிறது.

என் பெண் பெரியதாக எழுதிக் காட்டினாள். ஆறு எழுத்து. பெயரைப் பத்திரிகையில் போடக்கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. முதல் எழுத்து 'பா' என்று மட்டும் சொல்லலாம். அம்மா அதை இந்தப் பக்கமிருந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். "இவ்வளவு தானா!" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். யாராவது சிரிக்கிறார்களா என்றுதான். யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, விரலை மணலில் வைத்தார். முதல் 'பா' வளைந்து நெளிந்து நண்டு மாதிரி வந்தது. அதை அலை அழித்தது. இரண்டாவதையும் அழித்தது.

"எட்ட வந்து எழுதுங்க அத்தை, அலை வராத இடமா" என்று என் சகதர்மிணி அவரைக் கைபிடித்து மேட்டுக்கு அழைத்துப் போனாள்.

* * *

மறுநாள் ராத்திரி பொன்னேரி தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பலகை படிக்க ஆள் இல்லை. முன் விளக்கு வெளிச்சத்தில் பாரதியார் வளைவு வந்தது.

"டேய், நிறுத்துடா! நிறுத்து!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் திட்டினார். அதில் நியாயம் இருந்தது. கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது.

"இன்னா எழுத்துடா அது? முன்னால இருக்கிறது? என் எழுத்துதானே?"

"ஆமாம் அம்மா. 'பா'. உன் எழுத்துதான்."

அடுத்ததிலும் 'பா' இருந்தது, பாரதிதாசன். அப்புறம் சில வளைவுகளுக்கு அம்மா மௌனமாக, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பாரி வளைவில், "இதோ!" என்றார். வீடு வந்து சேர்ந்ததும், "மூணு எடத்துல என் எழுத்து இருக்குது. இத்தனை நாளா அதைப் பாக்காமலே ஏறி எறங்கியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

இப்போது தினமும் விளக்கு வைத்தபிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறது. தாம்பாளத்தில் அரிசி, வாத்தியாருக்கு வயது பதின்மூன்று, மாணவிக்கு எழுபத்தைந்து. வாத்தியார் கொஞ்சம் கண்டிப்பு. மாணவி நான்காவது எழுத்துக்கு வந்திருக்கிறார். என் பெண் தன் கட்டுரையை இன்னும் எழுதி முடிக்கவில்லை. கேட்டால், "ஆயா பேர் முடியட்டும் அப்பா" என்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். பாட்டியோ, சித்தப்பாவோ, வேலைக்கு வருகிற அம்மாளோ. தரங்கம்பாடிக்குப் போய்வாருங்கள், நல்ல ஊர், நல்ல காற்று, பார்க்க வேண்டிய வீடு. போக முடியாவிட்டாலும் பாதகமில்லை. தாம்பாளமும் ஒரு பிடி அரிசியும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே?

எனக்கு ஒரே ஒரு கவலை. இந்த வேகத்தில் போனால் அடுத்த வருஷம் அம்மா என் கடுதாசிகளைத் தானே படிக்க ஆரம்பித்துவிடுவார். இதுவரை அவரைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் என் சகதர்மிணி படிக்கும்போது சில இடங்களை விட்டுவிட்டுப் படித்திருக்கிறாள் என்று சமீபத்தில்தான் எனக்குத் தெரிந்தது. இனிமேல் நான் ஜாக்கிரதையாக எழுதவேண்டும்.

மற்றவை அடுத்த கடுதாசியில்.